ஒப்பிலக்கணமும் பனங்காடும்: கால்டுவெல் அத்தியட்சர் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

1

தமிழாராய்ச்சியின் வரலாற்றைக் கூற முற்படும் எவரும் றொபேட் கால்டுவெலின் (1814–1891) பெயரை விலக்கிவிட்டு எழுதுதல் இயலாது. ஆயின், அப்பெயர் நம்மிடையே ஆராயப்படுவதிலும் பார்க்கப் போற்றப்படுவதும் தூற்றப்படுவதுமே மிகுதி. உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968இற் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. 2010இல் இந்திய அரசு அஞ்சல் முத்திரை வெளியிட்டது. இன்னொரு சாரார், மொழி வேற்றுமையை இன வேற்றுமையாக்கி மக்களைப் பிரித்த பாதிரியார் என்று அவரைச் சுருக்கிக் கூறி அமைவர். இவ்விரு சாராரும் தம்முள் எத்துணை முரண்படினும் ஒரு விடயத்தில் உடன்பாடு உடையர். 1856இல் வெளிவந்த ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்ற ஒரு நூலே கால்டுவெல் என்பது அவ்வுடன்பாடு.

அவரது பிற நூல்களை ஒப்பிலக்கணத்தோடு சேர்த்து ஒருங்கே நோக்கும்போது வேறொரு வினா எழுகின்றது. தமிழுக்கு வடமொழிச் சார்பற்ற தனிப் பிறப்புண்டு என்று நிறுவிய அதே கை, அத்தமிழைப் பேசிய உழைக்கும் மக்களைப் பற்றி 1849இல் எழுதியது யாது? அவ்வெழுத்துக்கும் ஒப்பிலக்கணத்துக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். தனிமனிதர் ஒருவரைத் தூக்கி நிறுத்துவதோ வீழ்த்துவதோ இங்கு கருதப்படவில்லை. அறிவு எத்தகைய சமூக நிலைமைகளில் உண்மையாகின்றது, எத்தகைய நிலைமைகளிற் கருத்தியலாகத் திரிகின்றது என்பதே கருதப்படுவது.

2

கால்டுவெல் அயர்லாந்தின் வடபகுதியில், பெல்பாஸ்ற் நகருக்கு அண்மையிலுள்ள கிளேடி என்னும் ஊரில் ஸ்கொட்லாந்துக் குடும்பமொன்றில் 1814 மே 7ஆந் திகதி பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. டப்ளின் நகரிற் சிலகாலம் ஓவியம் பயின்ற பின்னர், சமயப் பணியில் நாட்டங் கொண்டு இலண்டன் மிஷனரிச் சங்கத்திற் சேர்ந்தார். அச்சங்கத்தின் உதவியோடு கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் கற்றபோது கிரேக்கப் பேராசிரியர் டானியல் சான்ட்போட் ஒப்பியல் மொழியாய்வில் அவருக்கு ஆர்வமூட்டினார். ஐரோப்பாவில் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஒப்பாய்வு ஒரு தனித்துறையாக வலுப்பெற்று வந்த காலம் அது. 1838இல் அவர் சென்னையை அடைந்தபோது, ஒரு நூற்றாண்டின் புதிய விஞ்ஞானமும் ஒரு பேரரசின் சமயப் பணியும் ஒரே மனிதரில் இணைந்து வந்தன எனலாம்.

1841இல் அவர் இலண்டன் மிஷனரிச் சங்கத்தினின்றும் நீங்கி இங்கிலாந்துத் திருச்சபையிற் சேர்ந்தார். சென்னை அத்தியட்சர் ஸ்பென்சரால் உதகமண்டலத்திற் குருப்பட்டம் பெற்று, எஸ்.பி.ஜி. சங்கத்தின் சார்பில் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். இம்மாற்றத்தைத் தனிப்பட்ட நம்பிக்கையின் மாற்றமாக மட்டுங் கொள்ளுதல் போதாது. சுதந்திரச் சபையாரின் மரபிலிருந்து அத்தியட்சர் ஆட்சியுடைய திருச்சபைக்கு அவர் பெயர்ந்தமை, பிரித்தானிய அரசோடு உறுப்புறவு கொண்ட நிறுவனம் ஒன்றினுள் அவரை வைத்தது. 1877 மார்ச் 11ஆந் திகதி கல்கத்தாவில் அவரும் சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்த எட்வேட் சார்ஜென்ற்றும் ஒரே நாளில் அத்தியட்சர்களாக அருட்பொழிவு பெற்றனர். எனினும் இருவரும் தனி மறைமாவட்டத்தின் தலைவர்களல்லர்; சென்னை அத்தியட்சரின் உதவி அத்தியட்சர்களே. ஒரே சீமையில் ஒரே திருச்சபையின் இரு சங்கங்களுக்கு இரு அத்தியட்சர்கள் அமைந்தமை, சமயப் பணியின் பின்னால் நின்ற நிறுவன நலன்களின் போட்டியைக் காட்டும்.

இவற்றுக்கிடையே இடையன்குடியில் அவர் ஆற்றிய பணி மறுக்கத்தக்கதன்று. செம்மணற்றேரியின் நடுவே தெருக்கள் ஒழுங்காக வகுக்கப்பட்ட ஊரொன்று எழுந்தது. பாடசாலைகள் தோன்றின. அவரது மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனரியான சார்ள்ஸ் மோல்ற்றின் மகள். பெண்கள் கல்விக்கும் பின்னற் கைத்தொழிலுக்கும் வித்திட்டவர். 1847இல் தொடங்கிய தேவாலயத் திருப்பணி 1880 வரை நீடித்தது. எழுத்தறிவு பனையேறும் குடிகளின் பிள்ளைகளுக்கு எட்டியமை அச்சமூகத்தின் பிற்கால எழுச்சிக்குக் காரணமானவற்றுள் ஒன்று. இப்பிள்ளைகளே பின்னர் தம் ஆசானின் எழுத்தைப் படித்து அதனை மறுக்கவும் துணிந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

1849இற் சென்னையில் வெளிவந்த ‘திருநெல்வேலிச் சாணார்’ என்ற சிறுநூல் அடுத்த ஆண்டு இலண்டனிலும் பதிக்கப்பட்டது. (அச்சமூகத்தார் அன்று அவ்வாறு குறிக்கப்பட்டமையால் நூற்பெயர் கருதியே அச்சொல்லை இங்கு எடுத்தாள்கிறோம், அது இழிவுணர்த்தும் சொல்லாகக் கருதப்பட்டமையும், 1921இல் ‘நாடார்’ என்னும் பெயர் அரசால் ஏற்கப்பட்டமையும் அறியப்பட்டவை.) இந்நூல் இங்கிலாந்தின் வாசகருக்காக, அதாவது மிஷனுக்குப் பொருளுதவி நல்கும் திருச்சபை மக்களுக்காக எழுதப்பட்டது. தாம் பணியாற்றும் மக்கள் எத்தகையோர், அவர்களின் தெய்வ வழிபாடு எத்தகையது, மதமாற்றம் அவர்களிடையே எளிதிற் பரவுவது ஏன் என்பவற்றை அவ்வாசகருக்கு விளக்குவது அதன் தேவை.

இத்தேவையே நூலின் அமைப்பையும் தீர்மானித்தது. முதலாவதாக, அம்மக்களின் சமயம் பிராமணியத்தின்பாற்பட்டதன்று. பேய்களுக்குப் பலியிட்டு ஆடும் பழைய வழிபாடு என்று கால்டுவெல் கூறினார். பிராமணியத்தின் பிடியில் இல்லாதவரிடம் கிறித்தவம் நேரே செல்லலாம் என்பது இதன் உட்பொருள். இரண்டாவதாக, அவர்கள் இலங்கையின் வடகரையினின்றும் வந்து குடியேறியவர்கள் என்ற மரபை அவர் ஏற்றார். மூன்றாவதாக, அவர்களின் அறிவும் ஒழுக்கமும் பற்றிப் பொதுப்பட மிகத் தாழ்வான மதிப்பீடுகளை முன்வைத்தார்.

இம்மூன்றாவது கூற்றே நமது கவனத்துக்குரியது. பாளை சீவுவதும் கலயங் கட்டுவதும், நாளுக்கு இருமுறை முப்பது நாற்பது மரங்களில் ஏறியிறங்குவதும், இறக்கிய பதநீரைப் பெண்கள் அடுப்பிலேற்றிக் கருப்பட்டியாகக் காய்ச்சுவதும் உடலை வருத்தும் உழைப்பு. நுட்பமான பயிற்சியையும் வேண்டும் உழைப்பு. மரங்களும் நிலமும் பெரும்பாலும் ஏறுபவனுக்குச் சொந்தமல்ல. அச்சமூகத்துள்ளேயே நாடான்கள் எனப்பட்ட உடைமைக் குடும்பங்களும் அவற்றை அண்டி வாழ்ந்த ஏறுகுடிகளும் இருந்தன. இவ்வுற்பத்தி உறவிலிருந்து வறுமையையும் கல்வியின்மையையும் விளக்குவதற்கான சான்றுகள் கால்டுவெலின் கண்முன்னே கிடந்தன. அவரோ பனையேறுதலின் விவரங்களைக் கூர்ந்து பதிவுசெய்துவிட்டு, அம்மக்களின் நிலையை விளக்குமிடத்து அவர்களின் இயல்பிற் காரணத்தைத் தேடினார். உழைப்பு அவரது பார்வையில் ஒரு வழக்கமாக இருந்ததேயன்றி ஓர் உறவாக இருக்கவில்லை. விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்கம் தன் நாட்டின் தொழிலாளரைப் பற்றிக் கூறியதும் பெரிதும் இத்தகையதே. அவ்வர்க்கப் பார்வை இடையன்குடியில் இன வேடம் பூண்டது.

4

ஏழு ஆண்டுகளின் பின் வந்த ஒப்பிலக்கணத்தை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். திராவிட மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தவையல்ல என்ற கருத்தை முதலில் அச்சில் நிறுவியவர் கால்டுவெல் அல்லர். சென்னையின் எல்லிஸ் 1816இலேயே, கம்பெல் எழுதிய தெலுங்கிலக்கணத்துக்குச் சேர்த்த குறிப்பில் அதனை எடுத்துக் காட்டியிருந்தார். எல்லிஸையும் அவரோடு பணியாற்றிய தமிழ், தெலுங்குப் புலவர்களையும் தோமஸ் டிரவுட்மன் 2006இல் விரிவாக ஆராய்ந்துள்ளார். கால்டுவெலின் சாதனை அக்கருத்தை முறையான ஆய்வாக வளர்த்தமையிலேயே உள்ளது. ஒலி, எண், மூவிடப் பெயர், வேற்றுமையுருபு, வினைத்திரிபு என ஒவ்வொரு படியாக அவர் மொழிகளை ஒப்பிட்டார்; 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிற் பண்பட்டன ஆறு, பண்படாதன ஆறு எனப் பன்னிரு மொழிகளை வகுத்தார். தன்மைப் பன்மையில் முன்னிலையாரை உளப்படுத்தும் வடிவமும் உளப்படுத்தா வடிவமும் வேறுபடுதல், எதிர்மறை வினையின் தனியமைப்பு, அடிப்படைச் சொற்களின் ஒற்றுமை முதலியவற்றால், கடன் வாங்கிய சொற்றொகுதி எத்துணைப் பெரிதாயினும் மொழியின் உடல் வேறென்பதைக் காட்டினார்.

இந்நூலின் மூலக் கருத்துக்கும் 1849ஆம் ஆண்டுச் சிறுநூலின் மூலக் கருத்துக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படையானது. அங்கு சமயம் பிராமணியச் சார்பற்றது. இங்கு மொழி வடமொழிச் சார்பற்றது. சமயப் பணியின் தேவை அவரைத் தனித்தன்மையைத் தேடத் தூண்டியது என்பதில் ஐயமில்லை. ஆகவே ஒப்பிலக்கணத்தின் முடிபும் பொய் என்று சிலர் கூறுவர். இது தவறான வாதம். ஒரு கருத்து எத்தேவையிலிருந்து பிறந்தது என்பது வேறு; அது உண்மையா என்பது வேறு. கடல் வணிகத்தின் தேவை வானியலை வளர்த்தது என்பதனால் வானியல் பொய்யாகிவிடாது. மார்க்சியத் திறனாய்வு தோற்றுவாயைச் சுட்டிக் காட்டுவதோடு நின்றுவிடுமாயின், அது வெறும் சந்தேகவாதமாகவே முடியும்.

எனவே வினாவை வேறு விதமாகக் கேட்டல் வேண்டும். ஒரே மனிதர், ஒரே தேவையின் தூண்டுதலால் எழுதியவற்றுள் ஒன்று நிலைத்தும் மற்றையது வீழ்ந்தும் போனமைக்குக் காரணம் என்ன? நமது விடை இது: மொழித் தரவு அவரை எதிர்த்து நின்றது. வேற்றுமையுருபொன்றை ஒரு மொழியில் ஒருவாறு விளக்கினால் இன்னொரு மொழியின் வடிவம் அதனை மறுக்கக்கூடும்; ஒலிமாற்ற விதி ஒவ்வொரு சொல்லாலும் சோதிக்கப்படும். ஆய்வாளனின் விருப்பத்துக்கு அங்கு எல்லையுண்டு. பனையேறியைப் பற்றி எழுதியபோதோ அவ்வாறு எதிர்த்து நிற்க எவரும் இருக்கவில்லை. எழுதப்பட்டவர்க்கு அம்மொழி தெரியாது; வாசித்தவர்க்கு அம்மக்களைத் தெரியாது. சரிபார்க்கப்படாத அறிவு ஆதிக்கத்தின் பழக்கங்களை அப்படியே உண்மையென ஏற்றுக்கொண்டது.

ஒப்பிலக்கணத்தினுள்ளேயே இதற்குச் சான்றுண்டு. திராவிட மொழிகளை மத்திய ஆசியாவின் ‘சித்திய’ மொழிக் குடும்பத்தோடு இணைக்க முயன்ற அவரது கருதுகோள் இன்று ஏற்கப்படுவதில்லை. அக்கருதுகோளுக்கு அவர் துணைகொண்டவற்றுள் ஒன்று, சைபீரியப் பழங்குடிகளின் வழிபாட்டுக்கும் திருநெல்வேலிப் பேயாட்டத்துக்கும் அவர் கண்ட ஒப்புமை. அதாவது, 1849ஆம் ஆண்டுச் சிறுநூலின் செய்தி ஒப்பிலக்கணத்தினுள் எங்கு நுழைந்ததோ அங்கு ஒப்பிலக்கணம் தளர்ந்தது. மறுதலையாக, சொற்களிலிருந்தே பழந்திராவிட வாழ்வை மீட்டுரைக்க முனைந்தபோது அவர் உறுதியான நிலத்தில் நின்றார். வடமொழிக் கலப்பற்ற சொற்களைத் தொகுத்து, உழவும் நெசவும் மட்பாண்டமும் போரும் அரசனும் அக்காலத்து இருந்தமையையும், பரம்பரைப் புரோகிதர் இல்லாமையையும் அவர் ஊகித்தார். உற்பத்திக் கருவிகளின் பெயர்களிலிருந்து சமூகத்தை நோக்கிச் செல்லும் இம்முறை, அவரறியாமலே பொருள்முதல்வாத நோக்குக்கு அணித்தானது.

5

எதிர்த்து நிற்பவர் தோன்றியபோது நிகழ்ந்தது யாது என்பது அடுத்து நோக்கற்பாலது. மிஷன் கல்வி பெற்ற அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை, ஐரோப்பிய மிஷனரிமாரோடு முரண்பட்டு விலகி, 1857இல் நாசரேத்தை அடுத்த முக்குப்பீரியில் வெள்ளையர் மேலாண்மையற்ற கிறித்தவ சபையொன்றை நிறுவினார். தம் சமூகம் சத்திரிய மரபினது என்று வாதிட்டார். 1880களில் இவ்வாதம் நூல்களாகவும் விண்ணப்பங்களாகவும் பெருகியது. கால்டுவெலின் சிறுநூலுக்கு எதிரான கிளர்ச்சியும் வலுப்பெற்றது. அந்நூல் புழக்கத்தினின்றும் விலக்கப்பட வேண்டியதாயிற்று. தம்மைப் பற்றி எழுதப்பட்டதை ஒரு மக்கட் கூட்டம் படித்து மறுத்துரைத்தமை தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி. எனினும் அம்மறுப்பின் எல்லையையும் காணல் வேண்டும். பனையேறும் உழைப்பு இழிவன்று என்று கூறுவதற்குப் பதிலாக, தாம் அரச குலத்தினர் என்று கூறியதனால் ஏற்றத்தாழ்வின் அளவுகோலை அது அப்படியே விட்டுவைத்தது. வணிகத்தால் எழுந்துவந்த ஒரு பகுதியினரின் தேவைக்கு அது பொருந்தியது. மரமேறியவனுக்கு அது சிறிதே உதவியது.

இலக்கியக் கால வரையறையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. தமக்குக் கிடைத்த தமிழ் நூல்களிற் பெரும்பாலானவற்றை எட்டாம் நூற்றாண்டுக்குப் பின்னரே கால்டுவெல் வைத்தார். சங்க நூல்கள் அப்போது ஏட்டிலேயே கிடந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1889இற் பத்துப்பாட்டையும் 1894இற் புறநானூற்றையும் பதிப்பித்தனர். கால்டுவெல் 1891 ஓகத்து 28ஆந் திகதி கொடைக்கானலிற் காலமானார். அவரது கால வரையறை இங்ஙனம் அவர் வாழ்நாளிலேயே ஆட்டங்காணத் தொடங்கிற்று. மொழிக் குடும்பம் பற்றிய முடிபோ புதிய சான்றுகளால் மேலும் உறுதி பெற்றது.

1881இல் அவர் எழுதிய திருநெல்வேலி வரலாற்றையும் இங்கு குறிப்பிடுதல் தகும். சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்த அந்நூலின் அரசியல் வரலாறு, சீமை ஆங்கிலேயர் கைக்கு மாறிய 1801ஆம் ஆண்டோடு முடிவுறுகின்றது. அதே ஆண்டில் திருநெல்வேலி மிஷனின் தொடக்ககால வரலாற்றையும் அவர் வெளியிட்டார். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் தணிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அப்பஞ்சத்தில் நிவாரணப் பணியில் ஈடுபட்டவர் அவர்; அக்காலத்திற் பல்லாயிரவர் திருச்சபையை நாடி வந்ததைக் கண்டவரும் அவர். ஆயினும் அரசின் வரலாறு 1801இல் நின்றது; சபையின் வரலாறு தொடக்ககாலத்தோடு அமைந்தது. ஆங்கில ஆட்சியின் கீழ் மக்கள் ஏன் மாண்டனர் என்ற வினா இரு நூல்களின் எல்லைக்கும் அப்பால் நின்றது. ஓர் உதவி அத்தியட்சர் கேட்கக்கூடிய வினாக்களின் எல்லையும் அதுவே போலும்.

6

இறுதியாக, நம்மைச் சாரும் பொறுப்பொன்று உண்டு. 1875ஆம் ஆண்டின் பதிப்பிற் பறையர் திராவிடரா என்ற வினாவைக் கால்டுவெல் தனிப் பிற்சேர்க்கையாக ஆராய்ந்தார். ஒடுக்கப்பட்ட சாதியினர் வேறோர் இனத்தின் எச்சம் என்று அக்காலத்திற் சிலர் கூறி வந்தனர். மொழியையும் பிற சான்றுகளையும் நோக்கி, அவர்களும் திராவிடரே என்ற முடிபை நோக்கிச் சென்றார். தோற்ற வேறுபாடுகளுக்கு வாழ்நிலையையும் உழைப்பையும் காரணங்காட்டினார். 1849இல் இயல்பிற் காரணந் தேடியவர் 1875இல் வாழ்நிலையை நோக்கித் திரும்பியமை கவனத்துக்குரியது. ஒப்பியல் முறையின் ஒழுக்கம் மனிதரைப் பற்றிய அவரது எழுத்தையும் ஒருசிறிது திருத்தியது எனலாம்.

ஆயின், வையற் பாதிரியாரும் இராமகிருஷ்ணபிள்ளையும் திருத்தி 1913இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இப்பிற்சேர்க்கையை விலக்கிவிட்டது. பின்வந்த மறுபதிப்புகள் அம்மூன்றாம் பதிப்பையே பின்பற்றின. திராவிடப் பெருமை அரசியலாக வளர்ந்த நூற்றாண்டு முழுவதும், அப்பெருமையின் மூலநூலைப் பெரும்பாலார் குறைபட்ட வடிவிலேயே படித்தனர். 2008இற் கவிதாசரண் இரண்டாம் பதிப்பை முழுமையாக மீள வெளியிட்ட பின்னரே இக்குறை பலருக்குத் தெரியவந்தது. மொழியின் தொன்மையைக் கூறிய பகுதிகள் உயர்சாதி நடுத்தர வர்க்கத்துக்கு உவப்பாயின; அத்தொன்மைக்குச் சேரியும் சமபங்காளி என்று கூறிய பகுதி இல்லாமையை எவரும் உணரவில்லை.

கால்டுவெலின் சிறுநூலிலுள்ள இழிவுரையைக் கண்டிப்பது இன்று எளிது. அவரது பதிப்பினின்றும் நமக்கு ஒவ்வாததை நீக்கிய நமது மரபைக் கண்டிப்பதே கடினம். அவர் அயலவர், ஆளும் நாட்டவர், அத்தியட்சர். அவருக்கிருந்த எல்லைகளைச் சுட்டிவிட்டோம். அவ்வெல்லைகள் எவையும் இல்லாத நாம், நம்மொழி பேசும் ஒடுக்கப்பட்டவரைப் பற்றி எழுதும்போது, அவர்கள் படித்து மறுக்கக்கூடிய வகையில் எழுதுகிறோமா என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஒப்பிலக்கணத்தை முழுமையாகப் பயில்வதும், அதன் அருகில் 1849ஆம் ஆண்டுச் சிறுநூலையும் அதற்கெழுந்த மறுப்புகளையும் வைத்துப் பயில்வதும் பல்கலைக்கழகத் தமிழாய்வு இனியேனும் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.